ஊர் கொடுத்த முற்றம்

மாணவ நேயர் ஒருவர் எமக்கு எழுதியுள்ள கடிதத்தில் வினா ஒன்றைத் தொடுத்திருக்கின்றார். வந்தாறுமூலையிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல்கலைக் கழகம் ஒன்று நடைபெற்று வருகின்றதே, அதனால் அயலூர்களுக்கு விளைந்த பயன் யாது என்பதே அவ்வினா. வினாவிற் சிறிது காரம் இருக்கின்றது. இருக்கட்டும், மாணவர் வினா காரமின்றி இருப்பதை நாம் என்றும் விரும்பியதில்லை. ஆயினும், விடை கூறப் புகுமுன் அவ்வினாவைச் சற்றே திருப்பிப் போட்டுப் பார்க்க விரும்புகின்றோம். அயலூர்கள் பல்கலைக் கழகத்துக்குச் செய்தது யாது? கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பது தெரியாமற் கணக்கு முடிக்க இயலாதல்லவா?

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கி வாழைச்சேனை வீதியிற் செல்வோர் ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்து வந்தாறுமூலையை அடைவர். அங்கேதான், 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி, மட்டக்களப்புப் பல்கலைக் கழகக் கல்லூரி என்னும் பெயருடன் விஞ்ஞானம், விவசாயம் என்ற இரண்டு துறைகளைக் கொண்டு அந்நிறுவனம் தொடங்கப்பெற்றது. அது குடிபுகுந்த இடமோ வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் வளாகம். கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டத்தோடு நாட்டுப்புறங்களில் எழுந்த பெரும் பாடசாலைகளின் வழியில் வந்தது அவ்வித்தியாலயம். வயலிலும் வாவியிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் படித்த அதன் முற்றத்திலேதான், 1986 ஒக்டோபர் முதலாந் திகதி கிழக்குப் பல்கலைக் கழகம் என முழு நிலை பெற்ற கலாபீடம் வேரூன்றியது. ஆகவே, பல்கலைக் கழகத்தின் முதற் கூட்டாளி வெளிநாட்டு நிதியமுமன்று, பெரு நிறுவனமுமன்று. ஒரு கிராமத்துப் பாடசாலை.

இதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. அதனை இன்றைய மாணவருட் பலர் அறியார்.

1942ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக் கழகம் உருவாயிற்று. ஐவர் ஜெனிங்ஸ் துரையவர்கள் அதன் முதல் துணைவேந்தர். பின்னர் 1952இல் அது பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. மகாவலிக் கரையில், நகரத்துச் சந்தடிக்கு எட்டாத தொலைவில், மாணவர் தங்கிப் படித்தற்கென அமைந்த கலாசாலை அது. அழகிற் குறைவில்லை, அயலவரோடு புழங்குவதற்கென அமைந்த இடம் என்று மட்டும் கூற முடியாது. ஆயினும், அந்தப் பேராதனையிலிருந்தே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்புக் கிராமங்களைத் தேடி வந்தார். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் 1956இல் மேடையேற்றிய 'மனமே' சிங்கள நாடக உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்த காலம் அது. சிங்களவரின் பழைய நாடக மரபு ஒரு பேராசிரியரின் கையிற் புத்துயிர் பெறுமாயின், தமிழரின் கூத்துக்கு அது ஏன் வாய்க்கக் கூடாது என்று அவர் எண்ணினார். மட்டக்களப்புத் தென்மோடிக் கூத்தான 'அலங்கார ரூபன் நாடக'த்தை 1962இற் பதிப்பித்தார். அதே ஆண்டிற் பேராதனை மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' மேடையேறியது. 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', 1968இல் 'வாலிவதை' என அவை தொடர்ந்தன.

மாணவருக்கு ஆட்டத்தையும் பாட்டையும் பழக்கியவர் யார்? வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். கர்ணனாகவும் இராவணனாகவும் ஆடிய மாணவர் யார்? வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்திற் படித்துப் பேராதனை சென்ற சி. மௌனகுரு. வந்தாறுமூலைக்குப் பல்கலைக் கழகம் வருவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, அவ்வூர் பல்கலைக் கழகம் ஒன்றுக்கு ஆசானை அனுப்பிவைத்து விட்டது. இதனை எண்ணும்போதெல்லாம் எமக்கு ஒரு பெருமிதம் உண்டாவதை மறைப்பானேன்?

பெருமிதத்தோடு ஓர் ஐயமும் உண்டு. விடிய விடிய வட்டக் களரியில் ஆடப்பட்ட கூத்து, பேராதனையிலே சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருங்கி, ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்கு ஏறியது. நகரத்தார் அதனைக் கண்டு வியந்தனர். கூத்தென்றால் பாமரர் பொழுதுபோக்கு என்றிருந்த படித்தவர் மனம் மாறியது. அது பெருஞ் சேவை என்பதை மறுப்பாரிலர். ஆனால், மேடையிற் புகழ்பெற்றது கூத்தின் செம்மைப்பட்ட வடிவம். களரி கட்டும் ஊரின் நிலை என்ன? சட்டங் கொடுத்து, மாதக் கணக்கிற் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அரங்கேறி, பின் வீட்டுக்கு வீடு ஆடி முடியும்வரை ஒரு கிராமத்தையே ஒருங்கு சேர்த்து வைத்திருக்கும் அந்த நீண்ட ஏற்பாடு என்னவாயிற்று? சுருக்கிய கூத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. பல்கலைக் கழகம் கிராமத்தைக் கண்டுகொண்டது உண்மை. அங்கிருந்து எடுத்துச் செல்வதற்கு என்ன இருக்கின்றது என்ற கண்கொண்டே அது கண்டது என்று கூறினால் மிகையாகுமோ? வித்தியானந்தன் அவர்கள் மட்டிலே இது முற்றும் பொருந்தாது. அவர் அண்ணாவிமாரை அவைகளில் ஏற்றிக் கௌரவித்தவர். அவருக்குப் பின் வந்த ஆய்வாளர் சிலருக்கு இது நன்றாகவே பொருந்தும்.

மௌனகுரு அவர்கள் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றுப் பின்னாளிற் கிழக்குப் பல்கலைக் கழகத்தின் நுண்கலைத் துறையில் பேராசிரியராக அமர்ந்தார். தாம் மாணவராக ஆடிய இராவணேசனைத் தம் மாணவரைக் கொண்டு மீண்டும் ஆற்றுகை செய்வித்தார். தாம் படித்த பாடசாலை முற்றத்துக்கே பேராசிரியராகத் திரும்புவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அடுத்த அடியை வைத்தவர், அதே துறையில் விரிவுரையாளராக விளங்கிய சி. ஜெயசங்கர் அவர்கள். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனைக் கிராமத்திலே அவர் தொடங்கிய முயற்சிக்குக் கூத்து மீளுருவாக்கம் என்று பெயர். அங்கே கூத்து மேடைக்கு வரவில்லை. பல்கலைக் கழகத்தாரே களரிக்குப் போயினர். அண்ணாவியாரும் கூத்தரும் ஊரவரும் ஒன்றாகக் கூடியிருந்து, பழைய கொப்பியிலுள்ள பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தனர். பெண்ணை இழித்துரைக்கும் அடி இன்றும் வேண்டுமா? ஒரு சாதியாரை நகைப்புக்கு உரியவராக்கும் பகுதியைப் பாடத்தான் வேண்டுமா? மாற்றுவதாயின் எவ்வாறு மாற்றுவது, மெட்டும் தாளமும் குலையாமல் அதனைச் செய்வது எப்படி? இத்தகைய வினாக்களுக்கு வெளியிலிருந்து வந்த படிப்பாளி தீர்ப்பு எழுதவில்லை. ஊரவரே வாதிட்டு ஒரு முடிவுக்கு வந்தனர். மாற்றம் வேண்டாம் என்போரும் அதே களரியில் இருப்பர். அவர் சொல்லையும் கேட்டே ஆகவேண்டும். இம்முறை மெதுவானது. பரீட்சை அட்டவணைக்குள் அடங்காதது. அறிக்கை எழுதுவோருக்குப் பெருந் தொல்லை தருவது. ஆனால், ஆடுவோர் தாமே தம் கூத்தைப் பற்றிச் சிந்திக்கும் உரிமையை அது அவர்களிடமே விட்டுவைத்தது. இதனை வித்தியானந்தன் வழியைவிட உயர்ந்தது என்று கூற நாம் வரவில்லை. அவர் காலத்துத் தேவை வேறு. இன்றைய மாணவர் ஒருவர், கிராமமும் பல்கலைக் கழகமும் சேர்ந்து வேலை செய்வதென்றால் என்ன என்று எம்மைக் கேட்பாராயின், சீலாமுனைக் களரியையே நாம் சுட்டிக்காட்டுவோம்.

இம்மண்ணுக்கு இது புதுப் பழக்கமுமன்று. காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகளார் 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராயினார். பகலெல்லாம் அங்கே இலக்கியம் கற்பித்த அவர், மாலையானதும் அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கச் சென்றார். அக்காலத்தில் அது எத்தகைய முணுமுணுப்புக்கு இடமளித்திருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவரும் அவரே. அவர் பெயராற் கல்லடியில் விளங்கும் அழகியற் கற்கைகள் நிறுவனம் கிழக்குப் பல்கலைக் கழகத்தின் ஓர் அங்கமாக இருப்பது பொருத்தமே.

கலை, இசை என்று பேசிக்கொண்டு போகும்போது ஒன்றை மறந்துவிடலாகாது. பல்கலைக் கழகத்துக்கும் ஊருக்கும் உள்ள உறவில் 1990ஆம் ஆண்டு ஓர் ஆறாத வடு. அவ்வாண்டு யூன் மாதம் மீண்டும் போர் மூண்டபோது, சுற்றூர்களிலிருந்து பல்லாயிரம் மக்கள் வந்தாறுமூலை வளாகத்துக்குள் தஞ்சம் புகுந்தனர். விரிவுரை மண்டபங்கள் குடும்பங்கள் படுத்துறங்கும் இடங்களாயின. மரநிழல்கள் அடுக்களைகளாயின. பல்கலைக் கழக ஆசிரியர்களே முகாம் பொறுப்பாளராகி உணவுக்கும் மருந்துக்கும் அலைந்தனர். செப்டெம்பர் 5ஆம் திகதி படையினர் வளாகத்துக்குள் வந்து ஆடவரை வரிசையில் நிறுத்தித் தெரிந்தெடுத்துக் கொண்டு சென்றனர். அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டவர் 158 பேர். அவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களின் பெயர்ப் பட்டியலைத் தொகுத்து அதிகாரிகளிடம் கொடுத்தவர்கள், முகாமுக்குப் பொறுப்பாக நின்ற அந்த ஆசிரியர்களே. அந்த நாட்களில் அப்படி ஒரு பட்டியலைக் கையிற் கொண்டு செல்வது எத்துணை ஆபத்தான காரியம் என்பதை, அக்காலத்தை அறிந்த பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறுவாராக. ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல நூலகத்திற் கிடக்கலாம். அப்பட்டியலைப் போன்ற ஓர் எழுத்தை எம் பல்கலைக் கழகங்கள் எழுதியது அரிது. தாய்மாரும் மனைவியரும் அதன் பின்னர் ஆண்டுதோறும் அந்நாளை நினைத்து வந்திருக்கின்றனர். வாயிலைத் திறந்து ஊரை உள்ளே ஏற்ற கலாசாலை என்ற நினைவும், அங்கிருந்தும் காக்க முடியாமற் போயிற்றே என்ற நினைவும், அயலவர் உள்ளத்தில் ஒன்றாகவே கிடக்கின்றன.

உலகின் பிற பாகங்களில் இவ்வுறவைச் சட்டத்தாலேயே அமைத்திருக்கின்றனர். அமெரிக்க நாட்டில் 1862இல் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட சட்டமொன்று, மாநிலங்களுக்கு நிலத்தை வழங்கி விவசாயமும் தொழிற்கலையும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவச் செய்தது. 1914இல் மற்றொரு சட்டம் அக்கல்லூரிகளின் அறிவை உழவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்ல வழிவகுத்தது. (அந்நிலங்கள் செவ்விந்தியர் என்று அக்காலத்தவர் அழைத்த ஆதிக்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டவை என்பதையும் கூறிவிடுவோம். கொடுத்தவர் யார் என்று கேட்பதில் அங்கும் பொருள் உண்டு.) வங்காளத்தில் இரவீந்திரநாத தாகூர் தம் விசுவபாரதிக்கு அயலே சுருள் கிராமத்தில் 1922இல் ஸ்ரீநிகேதனைத் தொடங்கினார், உழவும் நெசவும் சுகாதாரமும் அங்கே பாடங்களாயின.

நம் வாவிக்கரைக்கு மீள்வோம். பல்கலைக் கழகத்துக்கும் ஊருக்கும் பொதுவான வேலை ஒன்று இங்கே வருடந்தோறும் காத்துக் கிடக்கின்றது. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. புத்தகத்தில் வாவி என்பர், களப்பு என்பர். கரையோரத்தார் வாயில் அது 'ஆறு' தான். கிழக்கே கடலோரம் எழுவான்கரை, மேற்கே வயலும் காடுமான படுவான்கரை. கோடையிற் கடல் அள்ளிப் போடும் மணல், பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரி பிறந்து, உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் முதலிய குளங்கள் நிரம்பி வான் பாயத் தொடங்கினால், அந்நீர் முழுவதும் வாவியில் வந்து தேங்கும். படுவான்கரை வட்டைகளில் நிற்கும் வேளாண்மை மூழ்கும். (மட்டக்களப்பிலே வேளாண்மை என்றால் நெற்பயிர்தான் என்பதை வெளியூர் நேயருக்குச் சொல்லிவைக்கின்றோம்.) அப்போது எழும் கேள்வி: ஆற்றுவாயை வெட்டுவதா, பொறுத்திருப்பதா?

வயற்காரர், இன்றே வெட்டுக என்பர். தோணியும் வீச்சுவலையும் கொண்டு பிழைப்போர் யோசிப்பர். வெட்டினால் நீர் வேகமாக வடியும். அதனோடு இறாலும் மீனும் கடலுக்குப் போகும். பின் உவர்நீர் உள்ளே ஏறும். வெட்டாது விட்டாலோ, கடலிலிருந்து குஞ்சு இறால் உள்ளே வர வழியில்லை. முந்தி வெட்டினும் கேடு, பிந்தி வெட்டினும் கேடு. இருசாராரும் பொய் சொல்லவில்லை. இருவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே! முடிவு கச்சேரிக் கூட்டங்களில் எடுக்கப்படுகின்றது. அங்கே ஒரு பக்கம் முதிய மீனவரின் அனுபவம் உண்டு. நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் கொண்டு அவர் கூறுவதை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. மறுபக்கம் வட்டை விதானையாரின் முறைப்பாடு உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் வைப்பதற்கு வேண்டியது, ஆண்டுக்கணக்காக விடாமல் அளந்து வைத்த கணக்கு: எந்த நாளில் நீர்மட்டம் எவ்வளவு, உவர் எவ்வளவு, வெட்டிய பின் எத்தனை நாளில் வயல் வடிந்தது, அடுத்த மாதம் இறால் எவ்வளவு பட்டது என்பன. ஒரு பட்டத்துக்காக ஒரு மாணவர் ஓராண்டு அளந்து, பட்டம் பெற்றதும் அளவுகோலை மடித்து வைத்துவிட்டால் இதற்கு உதவாது. விஞ்ஞானமும் விவசாயமும் கற்பிக்கும் கலாசாலை ஒன்று வாவியின் அயலிலே நிலைத்திருப்பதன் சிறப்பே, மாணவர் மாறினும் கணக்கு மாறாமல் தொடர முடியும் என்பதிலேதான் இருக்கின்றது. கரையோரத்து மீனவர் சங்கங்களே அளக்கும் வேலையிற் பங்கு கொள்ளுமாயின், அக்கணக்கை எவரும் ஒருதலைப்பட்சமானது என்று தள்ளிவிடவும் முடியாது.

அளந்ததை எந்த மொழியில் எழுதுவது? இதனைக் கேட்டால் விரிவுரையாளர் சிலருக்கு எம்மீது கோபம் வரும். விஞ்ஞான, விவசாய பீடங்களில் ஆங்கிலமே போதனா மொழி; ஆய்வேடுகளும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. உலகத்தார் படிக்க அது வேண்டியதே. ஆனால், முப்பது கேள்விகள் அடங்கிய வினாக்கொத்துக்கு வெயிலில் நின்று விடை சொன்ன உழவர், தாம் சொன்னதற்கு என்ன பொருள் கண்டார்கள் என்பதை என்றைக்கும் அறிவதில்லை. அவர் வாய்மொழி எங்கோ ஓர் அட்டவணையில் ஓர் இலக்கமாகி விடுகின்றது. ஆய்வேடு ஒவ்வொன்றோடும் தமிழிலே இரண்டு பக்கம் எழுதி, அதனை அவ்வூரின் கமக்காரர் அமைப்புக்கும் கோயில் வண்ணக்கருக்கும், முஸ்லிம் ஊராயின் பள்ளிவாசலுக்கும், பாடசாலை அதிபருக்கும் சேர்ப்பித்தால் என்ன குறைந்துவிடும்? இரண்டு பக்கத்தில் எழுத முடியாத ஆய்வை எழுதியவரே சரியாக விளங்கிக்கொண்டாரா என்றுகூட நாம் சந்தேகிப்பதுண்டு.

சமூகத்தோடு உறவாடுதல் இப்போது பல்கலைக் கழகங்களின் கடமைகளுள் ஒன்றாக எழுத்திலேயே வந்துவிட்டது. பல்கலைக் கழக மானியங்கள் ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட தர மதிப்பீட்டுக் கையேட்டில் அதற்கெனத் தனி அளவுகோல் உண்டு. நல்லதே. எழுத்தில் வந்ததும் கூடவே ஒரு நோயும் வந்துவிடுகின்றது. பதாகை கட்டி, மரக்கன்று நட்டு, குழுவாக நின்று படம் எடுத்து, கோவையிற் சேர்த்துவிட்டால் கடமை முடிந்ததென எண்ணும் நோய் அது. நட்ட மரக்கன்றுக்கு மறுவாரம் நீர் ஊற்றியவர் யார் என்று கோவையில் எழுத இடமில்லை. ஒரே பாடசாலைக்கு ஒரே ஆண்டில் மூன்று துறையினர் மூன்று முறை சென்று ஒரே அறிவுரையைக் கூறிவிட்டு வருவதும், அடுத்த ஊருக்கு ஒருவரும் போகாதிருப்பதும் எங்கும் நடக்கக் கூடியவையே.

மாணவ நேயரின் வினாவுக்கு முழு விடை இதிற் கிடைத்ததோ இல்லையோ, வாவிக்கரைக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகின்றோம். வினாக்கொத்துடன் மாணவர் ஒருவர் உங்கள் முற்றத்துக்கு வந்தால், அவரை இருத்தித் தேநீர் கொடுங்கள். கேட்டதற்கு விடையும் கூறுங்கள். அவர் புறப்படும்போது, முடிவை என்றைக்குக் கொண்டுவந்து காட்டுவீர் தம்பி, என்று திகதி கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். பழைய கூத்துக் கொப்பி பரணில் இருக்குமாயின் பார்க்கக் கொடுக்கலாம். படியெடுத்துக்கொண்டு கொப்பியைத் திருப்பித் தரும்வரை அவர் பெயரையும் துறையையும் சுவரிலே தொங்கும் நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.